சபாபதி அண்ணாச்சியும் இடப்பக்க ஸ்டியரிங்கும்

கல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாடி வீட்டு மித்ரா பௌதி, அதாவது மித்ரா அண்ணி, பேசினார். வழக்கமாக அவர் அழைத்தால் முதலில் என் ரத்த அழுத்தத்தை விசாரிப்பார், பிறகு தம் ரத்த அழுத்தத்தைச் சொல்வார், அதற்குப் பின்தான் விஷயத்துக்கே வருவார். அன்று நேராகச் சொல்லிவிட்டார். "தாதா, சபாபதி-தா ஆர் நேய்." சபாபதி அண்ணன் இனி இல்லை என்று பொருள். காலையில் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். கையிலிருந்த முருங்கைக்காயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் வீடு இருக்கும் டாக்குரியாவுக்கு நடந்தேன். ஆட்டோ பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அவரை 'ஜெர்மன் கார் மாமா' என்று மட்டும் அறிந்திருப்பார்கள். பழகியவர்களுக்கோ அதே காரால் அவர்மேல் ஒரு மனத்தாங்கல். பெண்டாட்டியைப் பலிவாங்கிய வண்டியைத் தலைமுழுகாமல் இன்னும் அதிலேயே திரிகிறாரே என்று பொங்கல் விழாப் பந்தியில் என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சபாபதி அவர்கள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கிதர்பூர் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில் பொறியாளராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியிலிருந்து அதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தேன். வங்காளி தெரியாது, இந்தியும் அரைகுறை. வந்த முதல் வாரம் கேன்டீனில் மீன்குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனின் எதிரே ஒரு பெரிய உருவம் வந்து உட்கார்ந்தது.

"என்ன வே கணக்கப்பிள்ளை, சோத்தைத் தின்னுதீரா, எண்ணுதீரா?"

அன்று மாலையே டாக்குரியாவில் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி சிவகாமி அவர்கள் சொதியும் இஞ்சித் துவையலும் வைத்துப் பரிமாறினார். மறுமாதமே அந்தக் கட்டடத்தில் காலியான கீழ்த்தளத்துக்கு நான் குடும்பத்தோடு குடிவந்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி, அவர் மனைவி மதினி, அவர்களின் ஒரே மகள் கோமதிக்கு நான் சித்தப்பா. ரத்த உறவு ஏதும் கிடையாது. வெளியூரில் அப்படித்தான், முதலில் சோறு, பிறகு உறவு.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் மதித்தார்கள், கொஞ்சம் பயப்படவும் செய்தார்கள். தாம் ஏறிப் பார்க்காத கிரேனுக்கு அவர் கையெழுத்திட மாட்டார். மழை பெய்தாலும் ஏணியைப் பிடித்து உச்சிவரை ஏறிவிடுவார். வங்காளத்தில் சபாபதி என்றால் கூட்டத்துக்குத் தலைவர் என்று அர்த்தம். அந்தப் பெயர் ராசியாலேயே எங்கள் தெரு துர்கா பூஜைக் குழுவுக்கு வருடா வருடம் அவரைத் தலைவராக்கிவிடுவார்கள். "பேரை வச்ச எங்க தாத்தாவைச் சொல்லணும்" என்று அலுத்துக்கொள்வாரே தவிர, பந்தலின் ஒவ்வொரு மூங்கிலையும் ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் துறைமுகத்துக்குப் புதிய இயந்திரங்கள் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து சில வருடம் இருந்தார். ஊர் திரும்பும்போது தம் காரை விற்றுவிட நினைத்தார். கருநீல நிறம், தரையோடு தாழ்ந்த உடல், ஆறு சிலிண்டர். வேகமானியில் எண்கள் இருநூறைத் தாண்டி ஓடின. நம் ஊரில் யாரும் அதை வாங்க முன்வரவில்லை. உதிரிபாகம் கிடைக்காது, பெட்ரோலைக் குடிக்கும், போதாக்குறைக்கு அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.

அண்ணாச்சி வண்டியைப் பார்க்கப் போனபோது என்னையும் இழுத்துப் போனார். பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். தெருமுனைக் கடையிலிருந்து மண்குவளையில் விளிம்புவரை தேநீர் வாங்கிவரச் சொல்லி, அதை எஞ்சின் தலைமேல் வைத்தார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, அந்தத் தேநீரையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஜெர்மானியர் இதென்ன பூஜை என்பதுபோல என்னைப் பார்த்தார். அண்ணாச்சி நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்.

"ஒரு சொட்டு சிந்தல வே. கோயில் கருவறை விளக்கு கணக்கா நிக்கி."

அந்தத் தேநீரைத் தாமே எடுத்துக் குடித்துவிட்டு விலை பேசினார். நான் முடிந்தவரை தடுத்தேன். கல்கத்தாவின் எல்லாத் தெருவுக்கும் இரண்டாவது கியர் போதும், மிச்ச மூன்று கியரும் எதற்கு என்று கேட்டேன். "உமக்கு வாயில முப்பத்திரண்டு பல்லு இருக்கே, இட்லி திங்கதுக்கா அத்தனையும்?" என்றார். வாங்கியும் விட்டார்.

உண்மையான வழக்கு வீட்டில்தான் நடந்தது. மதினி கரியாஹாட் சந்திப்பைத் தனியாகக் கடக்கவே பயப்படுகிறவர். புடவை எடுக்கக்கூட மித்ரா பௌதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். தெருவில் வந்து நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிரைவர் உட்காரும் வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கே இல்லை என்று கண்டதும் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டு நாள் சமாதானத்துக்குப் பிறகு வந்து உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஸ்டியரிங்கும் இடப்பக்கம் இருந்தால் ஓட்டுகிறவர் ஓரத்தில் ஒண்டிக்கொள்வார். முன்னே ஒரு லாரி போனால் அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. சாலையின் நடுப்பக்கமாக, வலப்புறம் உட்கார்ந்திருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் போகலாம், சொல்லாவிட்டால் லாரிப் புகையைத் தின்றுகொண்டு பின்னாலேயே போக வேண்டியதுதான்.

அந்த வேலை மதினிக்கு வந்தது. முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு "இருங்க, இருங்க" என்பதோடு சரி. பிறகு மெல்ல ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு கொண்டையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டயமண்ட் ஹார்பர் சாலையில் நாங்கள் ஒரு பஸ்ஸைத் தாண்டியபோது பின் சீட்டிலிருந்த நானும் கோமதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மதினி கணவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"போலாம், போலாம்! ஏன் மெதுவாப் போறீங்க? அதுக்கு முன்னால இன்னொரு லாரி இருக்கு, அதையும் முடிச்சிருங்க!"

அப்போது அந்த வண்டி எழுப்பிய குரலை நான் வேறெதிலும் கேட்டதில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோமதி கூச்சல் போடுவாள். சந்திப்பைக் கடக்கப் பயந்த அந்த அம்மையார், காற்றில் புடவைத் தலைப்பு அடித்துக்கொள்ள, அடுத்தது எது என்று சாலையைத் துழாவுவார். அண்ணாச்சிக்கு வேகத்தில் அவ்வளவு பித்து இருந்ததாக நான் நினைக்கவில்லை. மதினி அப்படிச் சிரிப்பதைக் கேட்கத்தான் ஞாயிறுதோறும் வண்டியை எடுத்தார் என்றே தோன்றுகிறது. ஒருமுறை கேட்டேவிட்டேன், கண்ணை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு ஓட்டுவது பயமாக இல்லையா என்று.

"அவ சொன்னாப் போவேன், சொல்லலேன்னா நிப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தானே வே? இதுல புதுசா பயப்பட என்ன இருக்கு?"

அந்த வண்டியை வைத்துக் காப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடைகளில் நாள்முழுதும் அலைவோம். கிடைக்காவிட்டால் துறைமுகப் பட்டறையில் பழகிய கையால் தாமே வெட்டிப் பொருத்துவார். மேகம் கறுத்தால் அலுவலகத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தாழ்ந்த வண்டி, எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் தீர்ந்தது. வீட்டுக்கு விரைந்து அதை மேட்டுத் தெருவில் கொண்டு நிறுத்திவிட்டு, குடையில்லாமல் நனைந்துகொண்டு திரும்பி வருவார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றுவதைப் பார்க்கத் தெருவே கூடும். மித்ரா பௌதி மட்டும் ஒவ்வொரு வருடமும் "இவ்வளவு நல்ல எலுமிச்சை வீணாகிறதே" என்று வங்காளியில் புலம்புவார்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு குளிர்காலம். என் வீட்டில் எல்லோரும் திருச்சிக்குப் போயிருந்தார்கள். கோமதிக்குக் கல்லூரித் தேர்வு. நாங்கள் மூவர் மட்டும் டயமண்ட் ஹார்பருக்குப் போய், கங்கைக் கரையில் புளியோதரை சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி. இரண்டு பக்கமும் பிதுங்கிச் சாலையை அடைத்துக்கொண்டு போனது. நெடுநேரம் அதன் பின்னால் ஊர்ந்தோம், வண்டிக்குள் எல்லாம் வைக்கோல் தூசி. மதினி தலையை நீட்டிப் பார்த்தார். எதிரே தூரத்தில் ஒரு பஸ் ஆளை இறக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது.

"பஸ் நிக்குது. போலாம்" என்றார்.

அண்ணாச்சி எடுத்தார். நின்ற பஸ் அதே கணத்தில் புறப்பட்டு, தன் முன்னே நின்ற மூன்று சக்கர வேன் ரிக்‌ஷாவைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்தது. அவர் பிரேக்கை மிதித்ததும் இடப்பக்கம் ஒடித்ததும் எனக்குத் தெரியும். மோதியது வலப்பக்கம்.

மதினி அங்கேயே போய்விட்டார். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அண்ணாச்சிக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கோமதி ஓடிவந்தாள். அழவில்லை. அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா எதாவது சொன்னாளாப்பா? கடைசியா என்ன சொன்னா?"

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லலம்மா. நான் அவளைக் கேக்கவே இல்ல. நானா எடுத்துட்டேன்" என்றார்.

அவள் கையை விட்டுவிட்டாள். போலீஸிடமும் அதையே சொன்னார். நீதிமன்றத்திலும் அதையேதான் சொல்லி, தண்டனையை வாங்கிக்கொண்டார். உரிமத்தைச் சில காலம் முடக்கினார்கள். அன்று தாழ்வாரத்தில் கோமதி நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "நீரு பின்னால தூங்கிட்டிருந்தீரு வே. உமக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறு என்ன செய்ய முடியும்?

பிறகு ஒருமுறை காரணம் கேட்டேன். "செத்தவ மேல பழி விழணுமா? அம்மா தன் தப்பாலேயே செத்தான்னு அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கணுமா? என்னை நினைக்கட்டும் வே. எனக்குப் பெரிய முதுகு" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

கோமதி படிப்பை முடித்ததும் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டாள். வருடம் ஒருமுறை அம்மாவின் திதிக்கு வருவாள். சமைப்பாள், வீட்டைத் துடைப்பாள், அப்பாவுக்கு மருந்து வாங்கி வைப்பாள். பேச்சு மட்டும் "சாப்டீங்களா" என்பதைத் தாண்டாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு எத்தனையோ முறை உட்காராமலே கீழே இறங்கி வந்திருக்கிறேன்.

நசுங்கிய வண்டியை அண்ணாச்சி பட்டறைக்குக் கொண்டுபோனபோது சொந்தக்காரர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். நானும் கோபப்பட்டேன். விற்றுத் தொலைக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"வித்தா வாங்குதவன் அந்த சீட்டுல யாரையாவது உக்கார வைப்பானே வே" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் உழைத்து அதைச் சரிசெய்தார். உரிமம் திரும்பியதும் ஓட்டினார். அதற்குப்பின் அந்த வண்டி யாரையும் தாண்டியதில்லை. ராஷ்பிஹாரி சாலையில் காளிகாட் வரைக்கும் ட்ராம் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவார். ட்ராம் நின்றால் நிற்பார், புறப்பட்டால் புறப்படுவார். கை ரிக்‌ஷா, தள்ளுவண்டி, எதுவானாலும் அதற்குப் பின்னால்தான். பின்னால் வரும் மஞ்சள் டாக்ஸிகள் ஹாரன் அடித்துத் திட்டும். வேகமானியில் இருநூறுக்குமேல் எழுதியிருக்கும் வண்டியைச் சைக்கிள்காரர்கள் மணியடித்துக் கடந்து போவார்கள். வலப்பக்கம் யாரையும் உட்காரவிட மாட்டார். நான் ஏறினால் பின் சீட்டில்தான். எங்கே போகிறோம் என்று கேட்டால், "சும்மாதான், எஞ்சின் தூங்கக் கூடாதுல்லா" என்பார். ஊர் சிரித்தது. எனக்கு அந்த மெதுநடையைப் பார்க்கப் பொறுக்காது.

அண்ணாச்சி போன அன்று மாலையே கோமதி விமானத்தில் வந்தாள். கேவ்ராதலா சுடுகாட்டில் தானே முன்நின்று எல்லாவற்றையும் செய்தாள். மறுநாள் காலை வீட்டில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். அண்ணாச்சிக்குத் தலையாட்டியவன் நான். ஆனால் அவரே போனபிறகு அந்தப் பெண் இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குத் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "கோமதி, அன்னிக்கு நான் தூங்கல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சித்தப்பா" என்றாள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"நான் அந்தப் பின் சீட்டுலயே வளந்தவ. அம்மா சொல்லாம அப்பா ஒரு சைக்கிளைக்கூடத் தாண்ட மாட்டார். அது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலேயே தெரியும், பொய் சொல்றார்னு. அம்மா தப்பாப் பாத்துச் சொன்னா என்ன? அதுக்காக அவ எனக்கு அம்மா இல்லாமப் போயிடுவாளா? அவ என்ன சொன்னான்னு மட்டும்தான் கேட்டேன். ஒவ்வொரு திதிக்கும் வந்து உக்காந்து பாத்தேன். இந்த வருஷம் சொல்லுவார், இந்த வருஷம் சொல்லுவார்னு."

"நீயே கேட்டிருக்கலாமேம்மா."

"எப்டி கேக்கிறது? எனக்காக அவ்ளோ பெரிய பொய்யைச் சுமந்துட்டு இருக்கார். தெரியும்னு சொன்னா உடைஞ்சு போயிடுவாரோன்னு பயம்."

மகள் துன்பப்படக் கூடாது என்று அப்பா வாயைக் கட்டிக்கொண்டார். அப்பா உடையக் கூடாது என்று மகள் கட்டிக்கொண்டாள். நடுவில் கீழ்வீட்டில் நான் ஒருவன், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு. ஆளுக்கொரு நல்ல எண்ணத்தால் இத்தனை வருடத்தை வீணடித்திருக்கிறோம். அன்று எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்னும் தெரியவில்லை.

சங்கத்து மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "உள்ளதை உள்ளபடி எழுதுங்க சித்தப்பா. அப்பாவா எடுக்கலேன்னு எல்லாருக்கும் தெரியட்டும். அம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள். அதனால்தான் எழுதினேன்.

அண்ணாச்சி, உங்கள் பேச்சை மீறியதற்கு, நான் மேலே வந்ததும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு உங்கள்மேல் ஒரு நாளும் வெறுப்பு இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டீர்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மதினியிடம் போய்ச் சேருங்கள். இங்கே நீங்கள் சொல்லாமல் வைத்திருந்ததைக் கோமதியிடம் நான் சொல்லிவிட்டேன்.

"பஸ் நிக்குது, போலாம்" என்று அந்த மறுநாள் காலையில் நான் சொன்னபோது, கோமதி அந்த வார்த்தைகளை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"பயந்து சொன்னாளா சித்தப்பா?"

"இல்லம்மா. வைக்கோல் லாரிய முடிச்சிரலாங்கற சந்தோஷத்துல சொன்னாங்க."

"நிஜமா?"

"நிஜமா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

அதன் பிறகுதான் அந்தப் பெண் அழுதாள்.